உறுமிக்கு முன்னால் ஒரு முனகல்

புருஷன் குமரகுரு செத்துப்போய் ஒரு வருஷம் கழித்து, ராசிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் தேவிப்ரியா அவன் குரலைக் கேட்டாள். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒருவர் லேப்டாப்போடு இணைத்த கீபோர்டில் உறுமி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "ம்" என்று ஒரு சின்ன முனகல். கோழித் தீவன மூட்டையைத் தூக்கும்போது அவன் விடுகிற அதே முனகல். சாப்பிடாமலே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அவனும் சிநேகிதன் இனியனும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. நம்ம பக்கத்து மேளங்களைக் கம்ப்யூட்டரிலேயே வாசிக்கலாம். பண்ணையில் கோழி இல்லாத கொட்டகையில் உட்கார்ந்து உறுமியை வாசித்துப் பதிவு செய்தவன் குமரகுருதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் அதையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்று உரிமம் போட்டு இணையத்தில் விட்டார்கள். அப்புறம் புதுச்சத்திரத்துக்கிட்ட லாரி மோதி அவன் போய்விட்டான்.

மண்டபத்தில் கேட்டதிலிருந்து அந்த முனகல் அவளை விடவில்லை. மாரியம்மன் பண்டிகை மைக்செட்டில் கேட்டது. ஷேர் ஆட்டோவில் யாரோ போட்ட பாட்டில் கேட்டது. குழம்பு தாளிக்கும்போது எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் இனியன் வந்தான்.

"அண்ணி, எங்க சாப்ட்வேரைப் பெங்களூர் கம்பெனி ஒண்ணு கேக்குதுங்க. இனிமே வர்றதை யாரும் மாத்த முடியாதபடி மூடி விக்கப்போறாங்க. எழுதுன ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் உரிமத்தை மாத்த முடியும். அண்ணனுக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போடோணும். எனக்கும் அங்க வேலை தர்றாங்க."

"அந்தச் சத்தம்?"

"சுத்தமா எடுத்துருவாங்க அண்ணி."

பேனாவை வாங்கினாள். "அப்ப இனி எங்கயுமே கேக்காதுங்களா தம்பி?"

இனியன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏற்கெனவே போனது போனதுதானுங்க. குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. யாரார்கிட்ட இருக்குதுன்னு எனக்கே தெரியாது."

"நானே எடுக்கோணும்னா?"

"இப்ப எடுக்கலாம். யாரு வேணும்னாலும். கம்பெனி மூடிட்டா, இனிமே வர்றதுல அவிய வெச்சதுதான் சட்டம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அவரு தொறந்து உட்டுட்டுப் போனதுக்கு நான் பூட்டுப் போட மாட்டேன். எப்படி எடுக்கறதுன்னு மட்டும் காட்டுங்க."

லேப்டாப்பைத் திறந்து கோபத்தோடுதான் காட்டினான். ஒரே ஒரு அடிக்கு முன்னாலிருந்த முனகலை அவள் வெட்டினாள். திரும்பப் போட்டபோது வெறும் தோல் அதிர்ந்தது, வாசித்தவன் யாரோ. அடுத்ததில் கை போகவில்லை. வெட்டியதையும் பழையபடி சேர்த்துவிட்டாள்.

இனியன் காபி குடிக்காமல் கிளம்பினான். வேறு வேலை தேடிக் கோயம்புத்தூர் போனவன், அதற்கப்புறம் பேசவில்லை. மென்பொருளை முகம் தெரியாத யார் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.

கல்யாணங்களுக்கு இப்போது மாமியார்தான் போய் மொய் வைத்துவிட்டு வருகிறாள். கேட்பவர்களிடம், மருமகளுக்குத் தலைவலி என்கிறாள்.