ஓடுகிற தண்ணீர்

குணேஸ்வரியின் கைப்பையில் ஒரு சிறிய தகர டப்பா இருந்தது. அதற்குள் கணவருடைய சாம்பலில் ஒரு கைப்பிடி. மிச்சத்தை இங்கிலாந்தின் வடக்குக் கடலில் கரைத்தாயிற்று. இதை மட்டும், இளவயதில் அவர் வேலை செய்த ஆணித் தொழிற்சாலையின் அருகே, கனடாவின் மொன்றியல் நகரில் உள்ள லஷீன் கால்வாயில் கரைப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நாளைக்கு அவளுக்குத் திரும்பும் விமானம்.

தொழிற்சாலை இப்போது அடுக்குமாடி வீடு. ஆணிகளைப் பெட்டிகளில் அடைத்த இடத்தில் பூச்சட்டிகள்.

“இங்கிலாந்திலை எங்கடை ஊர் மில்லுகளும் இப்பிடித்தான். அதே செங்கல், அதே வாய்க்கால். அங்கை நடக்கேக்கை எல்லாம் ‘இது லஷீன் மாதிரியெல்லே’ எண்டுவார்” என்றாள் குணேஸ்வரி.

பக்கத்து லாசாலிலிருந்து அவளைக் கூட்டிவந்த சிவமலர், கணவரின் தங்கை, கரையோரம் குனிந்து பார்த்தாள்.

“மச்சாள், இது ஓடேல்லையே. இலை கிடந்த இடத்திலையே கிடக்குது.”

குணேஸ்வரியும் குனிந்து பார்த்தாள். நிற்கிற தண்ணீரில் அஸ்தி கரைக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டிலிருந்து கேட்டு வந்த பேச்சு. இருபத்தைந்து வருடம் கால்வாய்க் கரையில் குடியிருந்தவளுக்கு, கால்வாய்த் தண்ணீர் ஓடாது என்பது நினைவுக்கு வராமல் போயிற்றே!

“பெரிய ஆத்துக்குப் போவம் எண்டு காலமையே சொன்னனான்” என்றாள் சிவமலர்.

“உன்ரை அண்ணர் ஆத்துக்குள்ளையோ வேலை செய்தவர்?”

சிவமலர் சிரித்துவிட்டு, படகுகளை ஏற்றி இறக்கும் மதகடிக்கு அவளை அழைத்துப் போனாள். படகு வந்தால் கதவு திறக்கும், தண்ணீர் ஓடும். மதகைக் கவனிக்கும் நரைத்த தலை மனிதர், இல்லை என்று தலையசைத்தார். செவ்வாய்க்கிழமை; பின்னேரம் வரை படகு இல்லை. என்ன விஷயம் என்று கேட்டார். சிவமலர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். அவர் டப்பாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

கதவுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது, அதை இப்போதே செய்துவிடலாம் என்றார். கீழ்ப் பக்கப் படியில் நிற்கச் சொன்னார்.

சற்று நேரத்தில் தண்ணீர் நுரைத்துப் புறப்பட்டது. குணேஸ்வரி தேவாரம் ஒன்றை முணுமுணுத்தபடி டப்பாவைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு கணம் சுழன்றது. பிறகு பெரிய ஆறு இருக்கும் திசையில் போய்விட்டது.

இருவரும் படியேறி நடந்தார்கள். இப்படியான காரியம் முடிந்தால் விடைபெறுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. இருபது அடி போனபின் குணேஸ்வரி நின்றாள். அந்த மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நன்றி கெட்டவர்கள் என்றல்லவா நினைப்பார்?

அவள் திரும்பினாள்.

“ஐயோ மச்சாள், திரும்பிப் பாக்கப்படாது!”

“செத்த மனுசனை நான் பாக்கேல்லை, மலர். உயிரோடை நிக்கிற மனுசனைத்தான் பாக்கிறன்.”

அவர் இன்னமும் தொப்பியைக் கையில் பிடித்தபடி, தண்ணீர் அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குணேஸ்வரி கிட்டப் போய்க் கைகூப்பி, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னாள்.

“மெர்சி.”