சத்தியக் கடதாசியில் விலாசம்

சிறிதரனுக்கு மெல்பேர்ணில் இரண்டு விலாசங்கள். ஒன்று நோபிள் பார்க்கில், அவனும் மனைவி கலாவும் மகள் ராகவியும் படுத்தெழும்புகிற வீடு. மற்றது கிளென் வேவர்லியில், கலாவின் பெரியம்மா மகள் பவளம் அக்காவின் வீடு. அங்கே அவன் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைத் திறந்தால் ஆறு வருடமாகக் குடும்பத்தோடு அங்கேதான் குடியிருக்கிறான்.

காரணம் தமிழ்ச் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளென் வேவர்லியின் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் இடம் வேண்டுமென்றால் அவற்றின் எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வீடு வாங்க, ரயில் பெட்டி திருத்துகிற சிறிதரன் இன்னொரு பிறவி எடுத்து வர வேண்டும். ராகவிக்கு ஐந்து வயதானபோது பவளம் அக்காதான் தானாக வாய் திறந்தார்.

"எங்கட விலாசத்தைக் குடுங்கோ சிறி. கரண்ட் பில்லை உங்கட பேரில மாத்திவிடுறன். ஆர் வந்து வீட்டுக்க கட்டில் எண்ணப் போயினம்?"

எண்ண ஒருவரும் வரவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியுமுன்னே ராகவிக்கு அந்த விலாசம் பாடமாகிவிட்டது. முதலாம் வகுப்பில் 'என் வீடு' என்று படம் கீறச் சொன்னபோது, பிள்ளை பவளம் அக்காவின் முற்றத்துத் தேசிக்காய் மரத்தைக் கீறி அதன் பக்கத்தில் அப்பா அம்மாவை நிறுத்தி வைத்தாள். கலா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது சிறிதரனுக்கு முகம் சுடும். பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சட்டென்று சாத்திவிடுவான்.

பவளம் அக்காவின் மகள் தாரிணியும் ராகவியும் ஒரே வயது, ஒரே வகுப்பு. தாரிணிக்கு எட்டு வயதில் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது தாய்தான். வந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்கத் தினமும் விழுங்குகிற மருந்து, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கி வைத்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் காய்ச்சலாக வந்து போகிற கொரோனா அவளுக்கு அப்படிப் போகாது என்று டொக்டர்மார் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியில் மூன்றாம் வகுப்புக்கு மேலே எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஆணை. அது எந்த நேரமும் எடுபடலாம் என்று கதை அடிபட்டபோது பவளம் அக்காவுக்கு நித்திரை போய்விட்டது. கணவர் அடிலெய்டுக்கு லொறி ஓடுகிறவர், கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை.

"பள்ளிக்கூட அதிபரோட கதைக்கப் போறன் சிறி. தனியப் போனா எனக்கு இங்கிலீஷ் தடக்கும். நீங்களும் வாங்கோ."

போனார்கள். அறைக்குள் மூன்றே பேர். காதுடைந்த ஒரு கோப்பைக்குள் பேனைகளைக் குத்தி வைத்திருந்த அந்த அதிபர் அம்மா நல்லவர். பவளம் அக்கா சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மேசையில் உள்ளங்கையை வைத்து, அரசாங்கம் எதைச் செய்தாலும் சரி, வருடம் முடியும்வரை தாரிணியின் வகுப்பறையில் எல்லோரும் முகக்கவசம் போடுவார்கள், இது என் வாக்கு என்றார். பவளம் அக்கா அழுதேவிட்டார். அதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு அதிபர் வாய் திறந்து சொன்ன பிறகு கடதாசி கேட்பது அவர்கள் வளர்ந்த முறையில் மரியாதைக்கேடு.

ஏப்ரல் கடைசியில் ஆணை எடுபட்டது. அதிபர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஒரு கிழமைக்குள் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் சேர்ந்து லோயரிடமிருந்து கடிதம் அனுப்பினார்கள். ஆணை இல்லாத இடத்தில் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, மீறினால் கோர்ட்டில் சந்திப்போம் என்றிருந்தது. அவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒருத்தியின் மகனுக்குக் காது மந்தம், ரீச்சரின் வாயைப் பார்த்துத்தான் பாடம் பிடிக்கிறவன். அந்தத் தாயின் நியாயத்தில் சிறிதரனாலேயே பிழை பிடிக்க முடியவில்லை. மே மாதம் தேர்தல் என்பதால் ஒரு வேட்பாளரின் ஆட்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நோட்டீஸ் விநியோகித்தார்கள். தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சியும் குடுமிப்பிடிச் சண்டை. சிறிதரன் எல்லாவற்றையும் வாசித்தான், ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அதிபர் பின்வாங்கினார். முயற்சி செய்கிறேன் என்றுதான் சொன்னேனே தவிர வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று பவளம் அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. தாரிணி வீட்டுக்குள் கணினியோடு முடங்கினாள். வகுப்பில் ராகவியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் முகக்கவசத்தோடு இருந்தார்கள்.

உடல்நிலை காரணமாக மகளுக்குப் பாகுபாடு காட்டியதாகப் பவளம் அக்கா நடுவர் மன்றத்துக்கு முறைப்பாடு செய்தார். இலவச சட்ட உதவி நிலையத்தில் ஹரிப்பிரியா என்ற சென்னைப் பெண் வழக்கை எடுத்துக்கொண்டாள். அதிபர் வாக்குக் கொடுத்ததற்குச் சாட்சி இருந்தால் நிற்கும், இல்லையென்றால் கஷ்டம் என்பது அவள் கணிப்பு. பவளம் அக்கா யோசிக்கவே இல்லை. அடுத்த நாளே நோபிள் பார்க்குக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றாமல் படலையடியில் நின்றபடி ஒரு படிவத்தை நீட்டினார்.

"சத்தியக் கடதாசி சிறி. மேல உங்கட விவரத்தைப் போடுங்கோ. கீழ அண்டைக்கு அதிபர் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அக்கா. நாளைக்கே தாறன்."

அன்றிரவு சாப்பிட்ட கையோடு எழுத உட்கார்ந்தான். முதல் வரி பெயர். எழுதினான். இரண்டாவது வரி விலாசம். பேனை அங்கே நின்றது.

நோபிள் பார்க் என்று எழுதினால், எதிர்த்தரப்பு லோயர் அதைப் பள்ளிக்கூடப் பதிவோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ராகவியின் இடம் போகும். ஏழாம் வகுப்புக்கு, கிளென் வேவர்லியில் எல்லோரும் அடிபடுகிற உயர்நிலைப் பள்ளிக்குப் போட்ட விண்ணப்பமும் போகும். ஆறு வருடம் பிள்ளையைக் காரில் ஏற்றி இறக்கியதெல்லாம் அதற்காகத்தான். கிளென் வேவர்லி என்று எழுதினால் முறைப்பாட்டுக்காரியும் சாட்சியும் ஒரே வீடு, சாட்சிக்கு மதிப்பிருக்காது. அதோடு அது பொய்ச் சத்தியம். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

"ராகவியின்ர ஹைஸ்கூல் போம் போன மாசம்தான் குடுத்தது" என்றாள் கலா, அடுப்படியில் நின்றபடி.

"தெரியும்."

"அக்காவுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"உன்ர அக்காதானே. நீ சொல்லு."

கலா கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். சிறிதரன் படிவத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தான். நாளைக்கு என்றது ஒரு கிழமையானது, பிறகு இரண்டு கிழமையானது. பவளம் அக்காவின் அழைப்பு வந்தால் வேலையில் நிற்கிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினான். லீவு நாளிலும் அனுப்பினான்.

ஜூனில், மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைக்கு அடுத்த நாள், ஹரிப்பிரியாவுக்கு அவனே போன் எடுத்தான்.

"தங்கச்சி, விலாசம் போடாமல் இதை எழுதித் தரலாமா?"

"அட்ரஸ் இல்லாம செல்லாது சார். அவங்க லாயர் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. ஏன், ஏதாவது பிரச்சினையா?"

உண்மையைச் சொல்வதற்கு அது நல்ல இடம். அந்தப் பெண் கேட்டும்விட்டாள். சொல்லியிருந்தால் அவள் வேறு வழி ஏதும் பார்த்திருக்கவும் கூடும். இது சிறிதரனுக்கும் அந்தக் கணமே தெரிந்திருந்தது.

"பிரச்சினை ஒண்டும் இல்லை. அண்டைக்கு அவ என்ன சொன்னவ எண்டு எனக்குச் சரியா ஞாபகம் இல்லை."

"நீங்க கூடவே உட்கார்ந்திருந்தீங்கன்னு மேடம் சொன்னாங்களே."

"இருந்தனான். ஆனா ஞாபகம் இல்லை."

"வாக்கு கொடுத்தாங்களா, இல்ல முயற்சி பண்றேன்னாங்களா சார்? அதையாவது சொல்லுங்க."

"முயற்சி எண்டு சொல்லியிருக்கலாம்."

ஹரிப்பிரியா, "மேடம் உங்களத்தான் சார் நம்பியிருந்தாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்தபோது சிறிதரனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொன்னதோடு நின்றிருந்தால் கோழை என்ற பட்டத்தோடு போயிருக்கும். அதிபரின் பொய்யை எடுத்துத் தன் வாயாலேயே உறுதிப்படுத்தியும் கொடுத்தாயிற்று.

அடுத்த கிழமை பவளம் அக்கா முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டதாகக் கலாவுக்குச் செய்தி வந்தது. ஏன் என்று கலா கேட்கவில்லை. பவளம் அக்காவும் காரணம் சொல்லவில்லை. அவர் ஒரு நாள் போன் எடுத்து நாலு பேச்சுப் பேசியிருந்தால் சிறிதரனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதல் அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். "ராகவிக்குக் கடதாசி வந்திருக்கு. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

சனிக்கிழமை போனான். வாசல் மணியை அடித்த பிறகுதான் முகக்கவசம் கொண்டுவரவில்லை என்பது உறைத்தது. சட்டைப் பையில் அதை வைத்துக்கொள்ளும் பழக்கம் எப்போதோ விட்டுப் போயிருந்தது. முகம் மூடியபடி கதவைத் திறந்த பவளம் அக்கா அவனுடைய வெறும் முகத்தைப் பார்த்தார். முற்றத்தில் தேசிக்காய் மரத்தடியில் கிடந்த கதிரையைக் கைகாட்டினார்.

"குறை நினைக்காதேங்கோ சிறி. தாரிணி குசினியில நிக்கிறாள்."

கதிரையில் இருந்தான். அவர் தேத்தண்ணியும் கடித உறையும் கொண்டுவந்து பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உறையைப் பிரித்தான். ராகவிக்கு அந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது; அதை ஏற்றுக்கொள்கிற சம்மதப் படிவமும் கூடவே இருந்தது. ஆறு வருடமாகக் காத்திருந்த சந்தோசம் அது. அதை வாங்கிக்கொண்டு அவனால் நிமிர முடியவில்லை.

"உறைக்குக் கீழ இன்னொண்டும் இருக்கு. என்ர கொப்பி, உங்களிட்ட இருக்கட்டும்" என்றார் பவளம் அக்கா. "இந்த முறை விலாசத்தை இறுக்கிப் பாக்கினமாம். வீட்டுச் சொந்தக்காரர் எழுதித் தரவேணும் எண்டு போன மாசம் கேட்டு வந்தது. நான் எழுதி அனுப்பீட்டன்."

எடுத்தான். அதே மாதிரியான சத்தியக் கடதாசி. அவனால் தாண்ட முடியாமல் போன இரண்டாவது வரியில், பவளம் அக்காவின் சரிந்த எழுத்தில் அந்த வீட்டு விலாசம். அதன் கீழே, சிறிதரனும் அவன் மனைவியும் மகளும் ஆறு வருடமாக என் வீட்டில் நிரந்தரமாக வசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்திருந்தார். அதற்கு உரிமையுள்ள பார்மசிக்காரர் சாட்சிக்குக் கையெழுத்திட்டு முத்திரை குத்தியிருந்தார். அடியில் தண்டனை பற்றிய அதே அச்செழுத்து. தேதி ஜூன் பதினைந்து. அவன் ஹரிப்பிரியாவோடு பேசியது பதினான்காம் தேதி.

"அக்கா, அந்த லோயர் பிள்ளை உங்களிட்ட..."

"ஓம், அண்டைக்குப் பின்னேரமே எடுத்துச் சொன்னவ."

"அதுக்குப் பிறகும் நீங்கள் இதை எழுதினனீங்களா?"

"ராகவி என்ன பிழை செய்தவள்?" என்றார் அவர். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டு, "உங்கட கடதாசியில விலாசம் கேப்பினம் எண்டு நான்தான் முதலே யோசிச்சிருக்கவேணும்" என்றார்.

குசினி ஜன்னலில் தாரிணியின் முகக்கவசம் போட்ட முகம் தெரிந்தது. "ராகவிக்குக் கிடைச்சிட்டுதா சித்தப்பா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

"அந்தச் சம்மதப் படிவத்தில கையெழுத்தைப் போடுங்கோ. பள்ளிக்கூடம் கிட்டத்தானே, நான் திங்கக்கிழமை குடுத்துவிடுறன்" என்று பவளம் அக்கா பேனையை நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லலாம் என ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு வந்த வழியே போயிற்று. படிவத்தை முழங்காலில் வைத்துப் பெயரை எழுதினான். விலாசத்தை எழுதினான். ஆறு வருடப் பழக்கம், கை எங்கும் நிற்கவில்லை. கையெழுத்தையும் வைத்துப் படிவத்தை அவரிடம் கொடுத்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"அக்கா, அதிபர் அண்டைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கு."

"தெரியும்" என்றார் பவளம் அக்கா. பேனையின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். "தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ."