பெரிய கடைத்தெருவில் நடந்த சிலை

எங்கள் ஊரில், தவறான ஆளிடம் இருக்கும் சினிமா விருதுச் சிலை எழுந்து சரியான ஆள் வீட்டுக்கு நடந்துபோகும். அதற்கு ஊர் கூடி விவாதிக்க வேண்டும். நல்ல வாதம் ஒவ்வொன்றுக்கும் சிலை சில அடிகள் எடுத்து வைக்கும். ஒரு விருதுக்கு ஒரே விவாதம்தான். பகல் ஒரு மணிச் சங்கு ஊதும்போது சிலை நடுத்தெருவில் நின்றால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும், பிறகு எழாது. முப்பது வருடமாக எங்கள் நாளிதழுக்காக இந்த விவாதங்களுக்குப் போய்வருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை 1989-ஆம் வருடத்துச் சிறந்த இயக்குநர் விருதின் முறை. பெரிய கடைத்தெருவின் மேற்குக் கோடியில், எட்வின் ஞானராஜ் வீட்டு அலமாரியில் அது இருந்தது. ‘பண்ணையார் வீட்டுப் பியானோ’ படத்துக்காக வாங்கியது. அதே தெருவின் கிழக்குக் கோடியில் செண்பகவல்லி இருக்கிறார். அந்த வருடம் அவர் ‘சந்தைக்கு வராத செவ்வாய்’ எடுத்தார். விருது கைவிட்டுப் போனதும் தயாரிப்பாளர்கள் வருவது நின்றது. அதுவே கடைசிப் படமானது. ஞாயிறு காலை அவர் வாசல் தெளித்து, ஓர் அடி உயரச் சிலை ஏறுவதற்குத் தோதாகப் படியருகே செங்கல் ஒன்றைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

விவாதம் தெருவின் நடுவே உள்ள கல்யாண மண்டபத்தில் நடந்தது. படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள்தான் பேசலாம். காட்சியைச் சொல்லி வாதாட வேண்டும். அழுதேன் என்பது வாதம் ஆகாது. இயக்குநர் தன் படத்துக்கு ஆதரவாகப் பேசக் கூடாது, எதிராகப் பேசலாம். அப்படி இதுவரை யாரும் பேசியதில்லை.

சைக்கிள் கடை லூர்து செண்பகவல்லியின் படத்துக்காக எழுந்தார்.

“செத்துப்போன ஆட்டு வியாபாரி அடுத்த சீன்ல சந்தையில நின்னு விலை பேசுறான். பொண்டாட்டி பக்கத்துலயே நிக்கிறா, திரும்பிப் பாக்கல. எப்படி வந்தான், ஏன் வந்தான், ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர், உங்க பண்ணையாருக்கு மாடிப்படி இறங்கவே ஒரு பாட்டு தேவைப்பட்டுச்சு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிலை மருந்துக்கடையைத் தாண்டியிருந்தது.

பல் டாக்டர் குமரகுரு எட்வின் பக்கம். “அந்தப் பாட்டுல நாற்பது பேர் ஆடுறாங்க லூர்து. நாற்பது பேரும் ஒரே ஷாட். உங்க படத்துல கேமரா ஆட்டை விட்டு நகரவே இல்லையே.”

சிலை இரண்டு அடி பின்னால் போனது.

“நகர்ந்தா ஆடு ஓடிரும்ல” என்றார் லூர்து.

மண்டபம் அதிர்ந்தது. ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். பேசியவர்கள் எல்லோரும் அந்தச் செத்தவனின் வருகையைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லச் சிலை வேகம் பிடித்தது. பன்னிரண்டே காலுக்கு மண்டபத்தைக் கடந்தது. பன்னிரண்டே முக்காலுக்குச் செண்பகவல்லி வீட்டுக்கு நாற்பது அடி தொலைவில், மிட்டாய்க் கடை முன்னால் இருந்தது.

அப்போது செண்பகவல்லி எழுந்தார்.

“நான் அப்படி எடுக்கலை. சந்தை சீன் முதல்ல வரும். அதுக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை, அதான் அவ பாக்கல. சாவு அப்புறம்தான். இங்க மாத்தி ஓட்டியிருக்காங்க.”

சிலை நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ்ஸும் நின்றது.

“ஏம்மா, இன்னும் பத்து நிமிஷம் பேசாம இருந்திருக்கலாமே” என்றார் லூர்து.

“எடுக்காத படத்துக்கு எப்படிண்ணே வாங்கிக்கிறது?”

சிலை மேற்கே திரும்பி நடக்கத் தொடங்கியது. அந்த நாளில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்த பீர் முகமது கடைசி வரிசையிலிருந்து கை தூக்கினார்.

“மாத்தினது நான்தான். ரெண்டு ஊர் தியேட்டருக்கு ஒரே பிரிண்ட். அங்க ஓடி முடிஞ்ச ரீல் சைக்கிள்ல இங்க வரணும். ஏழாவது ரீல் வந்த சைக்கிள் வழியில பஞ்சர். எட்டாவதை முதல்ல ஓட்டிட்டேன். சனங்க கை தட்டுனாங்க. அப்புறம் தினமும் அப்படியே ஓட்டினேன்.”

“அப்ப விருது ஆபரேட்டருக்குத்தான்” என்றார் டாக்டர்.

சிலை பீர் முகமது குடியிருக்கும் பள்ளிவாசல் தெரு முனையில் திரும்பியது.

“கேளுங்க டாக்டர். அதே கைதான் பியானோ படத்தையும் ஓட்டுச்சு. கை தட்டுவாங்கன்னு அதுலயும் மாத்திப் பாத்தேன். கடைசி ரீலை ரெண்டாவதா விட்டேன். கல்யாணம் முடிச்சிட்டுப் பொண்ணு பாக்கப் போனாங்க. நீங்க மூணு நாள் வந்து பாத்தீங்க. ஒண்ணும் கேக்கலை.”

முன்வரிசையில் இருந்த எட்வின் ஞானராஜ் திரும்பினார். “எத்தனை நாள் அப்படி ஓடுச்சு?”

“நாலு நாள் சார்.”

எட்வின் தலையாட்டிக்கொண்டார்.

“இந்தம்மா படத்துல ஒரு ரீல்தான் நகர்ந்துச்சு” என்றார் பீர் முகமது. “ஊர் இன்னிக்கு வரைக்கும் பேசுது. இப்ப சரியான வரிசையில சொன்னாங்களே, அதுலயும் அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்காம நிக்கிறா. அடுத்த ரீல்ல அவன் சாகப்போறான்னு அவளுக்குத் தெரியாது. முன்னாடி வெச்சாலும் பின்னாடி வெச்சாலும் அவ அப்படித்தான் நிக்கிறா. அவளை அங்க நிக்க வெச்சது நான் இல்லையே.”

ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். சிலை பள்ளிவாசல் தெருவிலிருந்து வெளியே வந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. மண்டபம் காலியானது. செண்பகவல்லி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பஸ் கண்டக்டர் விசில் கொடுத்து வழி ஒதுக்கினார். சங்கு ஊதத் தொடங்கியபோது சிலை வாசற்படியின் மேல் நின்றது.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்த செண்பகவல்லி கதவைத் திறந்தார். எட்வின் ஞானராஜ் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார்.

“அதுக்கு மோர் ஆகாதும்மா. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கும், எழுப்பிராத.”

“சரிண்ணே.”

சிலை குனிந்து பீடத்தைக் கழற்றியது. அதைச் செண்பகவல்லியின் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனது.