பத்தில் நான்கில் டெல்மர்

1

இந்தக் கதை என் மூளையில் பிறந்ததல்ல. சினிமா ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் ஒரு காப்பிக் கடையில், பக்கத்து நாற்காலிக்காரன் நீட்டிய செய்தித்தாளில் பிறந்தது. முந்தைய ஆண்டு, அதாவது 1981இல், அமெரிக்காவில் அதிகம் வசூலித்த பத்துப் படங்களின் பட்டியல்.

"இதுல நாலுல நான் இருக்கேன்," என்றான் அவன். பெயர் டெல்மர் குயின்பி, ஸ்டண்ட் நடிகன்.

"என்ன வேஷம்?"

"மூணாவதுல பொணம். அஞ்சாவதுல குரங்கு. எட்டாவதுல குதிரை தரையோட இழுத்துட்டுப் போற ஆளு. மொதப் படத்துல ரயில்லேர்ந்து ஆத்துல குதிக்கிறேன்."

முகம்? எதிலும் தெரியாது.

2

"மலைகளுக்குப் பின்னால் சூரியன்..."

(இப்படித் தொடங்க வேண்டாம். டெல்மர் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை.)

அவன் அப்பா எல்வுட், டாஃப்ட் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர். வருடா வருடம் நன்றி நாள் வான்கோழி விருந்தில் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எப்படா வேலைக்குப் போகப்போறே?"

இந்த முறை அதற்குப் பதிலாக டெல்மர் அந்தப் பட்டியலில் நான்கு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் தபாலில் அனுப்பினான். அடுத்த வாரமே அப்பா பேருந்தில் வந்து இறங்கினார்.

"வந்துட்டேன். எங்க, காட்டு."

[அப்பாவைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மடியில் ஒரு டப்பா பாதாமோடு மகனைப் பார்க்க வருகிற கொடுமைக்காரர் எங்கே...]

3

பகல் காட்சி, முதலிடத்துப் படம். தான் நடித்ததைக் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை என்பது டெல்மரின் கொள்கை. அப்பாவுக்காக அன்று அதை மீறினான்.

ரயில் வந்தது. பாலம் வந்தது. குதித்தவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். டெல்மர் போட்டிருந்ததோ நீலச் சட்டை. ஐந்து முறை குதித்து, விலா எலும்பு ஒன்றை முறித்துக்கொண்டு அவன் நடித்ததை வெட்டி எறிந்துவிட்டு, வேறொருவன் குதித்ததை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்மருக்கு முகம் சுண்டிப்போனது. அதே நொடியில் அப்பா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"ஐயோ! பாத்துடா!"

சிவப்புச் சட்டை தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கும்வரை அவர் மூச்சு விடவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "இதையாடா நான் வேலையில்லேன்னு சொன்னேன்?"

4

வெளியே வந்ததும் அப்பா நேராகச் சோளப்பொரி விற்கிற பெண்ணிடம் போனார்.

"பாப்பா, அந்த ரயில்லேர்ந்து குதிச்சது யாரு தெரியுமா? எம் பையன்!"

முடிவு ஒன்று: டெல்மர் உண்மையைச் சொல்கிறான். அப்பா, "சரி, அந்தக் குரங்காவது நீதானே?" என்கிறார்.

முடிவு இரண்டு: டெல்மர் குனிந்து வணக்கம் வைக்கிறான். வாழ்நாள் முழுக்க நீலச் சட்டையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நிஜத்தில் எது நடந்தது என்று காப்பிக் கடையில் டெல்மரிடம் கேட்டேன். "எழுதுறவன் நீதானே?" என்று கழன்றுகொண்டான்.

இரண்டையும் அடித்துவிட்டேன். அந்தப் பெண் கண்ணை விரித்து டெல்மரைப் பார்க்கிறாள். அப்பாவின் கை அவன் தோளில் கிடக்கிறது. டெல்மர் சொல்லவேண்டியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.