வாய் திறக்காத எழுத்துகள்

அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கமா சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசும்போது பாதியில் நின்று, மூச்சு வாங்கி, அப்புறம்தான் தொடர்வார். இருபத்தாறு வருடமாக அங்கே இங்கிலீஷ் மெய்ப்பு பார்க்கிறார். அதில் இருபத்தைந்து வருடம் எதிர் நாற்காலியில் அவர் மனைவி இருந்தாள். மூலப்பிரதியை அவள் உரக்க வாசிப்பாள்; இவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார்.

இங்கிலீஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. பாதி எழுத்துகள் கோபித்துக்கொண்ட மச்சான் மாதிரி வந்து உட்கார்ந்திருக்கும். வாய் மட்டும் திறக்காது. அப்படிப்பட்ட எழுத்து ஒன்று அச்சில் விழாமல் போனால் காதுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எழுதியிருப்பதை ஒன்று விடாமல் உச்சரித்துவிடுவது. கத்தி அவளுக்கு க்னைஃப். தீவு இஸ்லாண்ட். புதன்கிழமை வெட்நெஸ்டே. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அவள் வாசித்ததில் தப்பு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. பிள்ளையில்லாத வீடு, இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற பாஷை ஒன்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருமுறை முழங்கால் வலிக்குப் போன இடத்தில் டாக்டரிடமே, "க்னீ வலிக்குது டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் முழித்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இப்போது அந்தப் பாஷைக்கு உலகத்திலேயே இவர் ஒருவர்தான். ஒருநாள் சமையலறையில் நின்று, "க்னைஃப் எங்க வச்ச?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் சமைக்கவில்லை.

எதிர் நாற்காலிக்கு முதலாளி ஒரு ரிட்டயர்டு டீச்சரை அமர்த்தினார். முத்து முத்தான உச்சரிப்பு. அதுதான் வினையாகப் போயிற்று. பாத்திரக் கம்பெனி ஒன்றின் கையேட்டில், கத்திக்கு முன்னால் நிற்க வேண்டிய 'கே' விழவில்லை. டீச்சர் "நைஃப்" என்றார். தாளிலும் அப்படியே இருந்தது. விரல் தாண்டிப் போய்விட்டது. ஐயாயிரம் பிரதி.

"உங்க முகத்துக்காகப் பாக்குறேன் சார்," என்றார் முதலாளி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையைக் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்துட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வீடு என்ற சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. பகல் முழுக்க அந்த வீட்டில் என்ன செய்வது?

டீச்சரிடம் போய் நின்றார். "ஒரு உதவி டீச்சர்... எழுத்து எப்படி இருக்கோ, அப்படியே படிக்கணும். க்னைஃப்னு."

"முப்பது வருஷம் பிள்ளைங்களைத் திட்டித் திருத்தினது சார் இது! என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களே?"

"இல்லன்னா என் வேலை போயிடும் டீச்சர்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். அன்றைய பிரதியை எடுத்தார். கையுறை பின்னுவது பற்றிய சின்னப் புத்தகம். நல்ல மனுஷி; எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். "க்னிட்," என்று ஆரம்பித்தார். "க்னாட். தம்ப். வ்ரிஸ்ட்."

இவர் விரல் சட்டென்று நின்றது. தாளில் மணிக்கட்டுக்கு 'டபிள்யூ' இல்லை. தப்பு அகப்பட்டுவிட்டது. வேலையும் பிழைத்தது. பேனாவை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுக்க முடியவில்லை. அவள் சொன்னபோது அது வீட்டுப் பேச்சு. டீச்சர் சொல்லும்போது வெறும் தப்பு. இன்னும் நாலு பக்கம் கேட்டால் அவள் குரல் அழிந்து, இந்தக் குரல் காதில் தங்கிவிடுமோ என்று பயந்தார்.

"வேண்டாம் டீச்சர். நீங்க சரியாவே படிங்க."

"அப்ப தப்பு தப்பிச்சுடுமே சார்?"

"தப்பிச்சுட்டுப் போகட்டும்."

டீச்சர் ஒன்றும் புரியாமல் முதல் வரிக்குத் திரும்பினார். சுத்தமான, அழகான இங்கிலீஷில் மறுபடி ஆரம்பித்தார்.