பானெட்டுக்குள் மழை

இரண்டாயிரமாவது ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, தேவாலா கடைவீதியில் அபூர்வமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, முத்துவேலின் ஜீப்பினுடைய பானெட்டுக்குள் மட்டும் மழை பெய்தது. பச்சைத் தேயிலை அன்று கிலோ நாலரை ரூபாய். எஞ்சின் இரண்டு தும்மல் போட்டுவிட்டு நின்றது. முத்துவேல் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே சீராகத் தூறிக்கொண்டிருந்தது. மழை வெளியே வந்து பின்னால் இருக்கும் தேயிலைக் கொழுந்து மூட்டைகளை நனைத்துவிடப் போகிறது என்று பட்டென்று மூடினார். நனைந்த கொழுந்துக்கு ஃபேக்டரியில் தண்ணீர்க் கழிவு என்று எடையில் பிடித்துக்கொள்வார்கள். இருபது நிமிடத்தில் மழை விட்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள். மலையில் மழை எங்கே வேண்டுமானாலும் பெய்யும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்கள்.

அந்த ஜீப் முத்துவேலைவிட நாலு வயதுதான் இளையது. மூடப்பட்ட ஒரு எஸ்டேட்டின் சாமான்களை ஏலம் போட்டபோது, தராசு, மேசை நாற்காலி எல்லாம் போன பிறகு, யாரும் கை தூக்காமல் நின்ற பெட்ரோல் வண்டி. முத்துவேல் அதை வைத்து முப்பது சின்னத் தோட்டக்காரர்களின் கொழுந்தை நாள்தோறும் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரிகள் பாதி நேரம்தான் ஓடின. சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் கொழுந்தைத் திருப்பி எடுத்துப் போய்ப் பள்ளத்தில் கொட்ட வேண்டியதுதான். அந்த வருஷம் பள்ளங்களெல்லாம் பச்சையாக இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பறித்த கைகளுக்குத்தான் வயிறு எரிந்தது.

ஃபேக்டரியில் கொழுந்து வாங்கும் பிரசாத் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன். கெட்ட சேதியைக்கூட மரியாதையாகத்தான் சொல்வான். “ஏனுங்க முத்துவேலண்ணா, இதோட ரெண்டு வாட்டி லேட்டுங்க. மூணாவது வாட்டியும் ஆச்சுன்னா உங்க லைனை நிறுத்தச் சொல்லிட்டாருங்க முதலாளி. நான் என்னங்க பண்ணட்டும்?” என்றான். லைன் என்பது அவர் தோட்டம் தோட்டமாகக் கொழுந்து எடுத்து வரும் வழி; அது நின்றால் முப்பது தோட்டத்துக் கொழுந்துக்கும் வேறு வண்டி கிடையாது.

உள்ளதைச் சொன்னால், ஜீப்புக்கு ஈரம் ஆகாது என்பது பழைய வியாதி. ஜூன் மாதம் முதல் மழைக்கே வளைவில் நின்றுவிடும். துடைத்து, ஊதி, கெஞ்சி, திட்டினால் கிளம்பும். இதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் முத்துவேலின் மனைவி வீரம்மா ஒரு காரியம் செய்தாள். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். லயத்தில் மழையில் நடுங்குவது மனுஷனோ ஆடோ எதுவானாலும் அதன் மேல் ஒரு கம்பளியைப் போடுவார்கள்; அதற்கு மேல் வைத்தியம் கிடையாது. ஆகவே தகரப் பெட்டியில் இருந்த தன் கம்பளியை எடுத்துப் பானெட்டின் உட்பக்கம் கம்பியால் இழுத்துக் கட்டினாள். எஞ்சினுக்கு ஒரு கூரை. கம்பளி தண்ணீரைத் தடுக்காது, குடித்து வைத்துக்கொண்டு சொட்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் ஈரக் கம்பளிக்குள்ளேயே சூடாக இருந்து பழகியவர்கள். எஞ்சினும் பழகிக்கொள்ளும் என்று நினைத்தார்கள்.

அது முழுக் கம்பளியும் அல்ல. எழுபத்தாறில், தோட்டத் தொழிலாளர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி வீரம்மாவுக்கு இந்தியா என்றும் அவளுடைய அக்கா மூக்கம்மாவுக்கு இலங்கை என்றும் காகிதம் வந்தபோது, வீட்டில் இருந்த ஒரே கம்பளியை அக்காதான் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினாள். பாதி தலைமன்னாரில் கப்பலேறியது. பாதி பொகவந்தலாவையில் மூக்கம்மாவின் தலையில் இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தது. தகரப் பெட்டிக்குள் இருந்த பாதி இருபத்து நாலு வருஷமாக அவ்வப்போது காரணமில்லாமல் ஈரமாகும். வீரம்மா கூரை ஓடுகளைத் திட்டுவாள். முத்துவேல் ஏணி வைத்து ஏறி, நன்றாக இருக்கிற ஓடுகளை மாற்றிவிட்டு இறங்குவார்.

பானெட்டுக்குள் மழை பெய்த மறுநாள் மெக்கானிக் டக்ளஸ் வந்தார். கூடலூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர். நோய் தெரியாமல் ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்பது அவருடைய கர்வம். பக்கத்துச் சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை இரவல் வாங்கினார். வண்டியைக் காயவைத்து, ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, ஒவ்வொரு உறுப்பாகத் தண்ணீர் பீய்ச்சினார். தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் மேல் பீய்ச்சினார், ஒன்றும் ஆகவில்லை. பிளக் வயர்கள் மேல் பீய்ச்சினார், அப்போதும் ஓடியது. நாலு பிளக்குக்கும் கரண்ட்டைப் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேல் ஒரு பீய்ச்சு. எஞ்சின் விக்கி நின்றது. மூடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. ஈரம் பட்டால் கரண்ட் அதன் வழியாக ஓடிப்போய்விடுகிறது. புது மூடிக்குக் கோயமுத்தூர் வரை கேட்டாயிற்று. அந்த மாடலைச் செய்வதையே விட்டுவிட்டார்களாம்.

“சேச்சி, வெளி மழைக்கு வழி பண்ணலாம். உள் மழை எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்” என்று வீரம்மாவிடம் சொன்னார் டக்ளஸ். இரண்டு வாரம் உள்ளே மழை பெய்த நேரங்களைச் சாக்பீஸால் பானெட்டின் மேலேயே எழுதி வந்தார். காலை எட்டுக்கு முன்னால் ஒரு துளி கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் விட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெய்யவே பெய்யாது. பௌர்ணமியன்றும் பெய்யவில்லை. டக்ளஸ் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும் வீரம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். “பௌர்ணமின்னா அங்க போயா, தோட்டத்துக்கு லீவு” என்றாள். “அக்கா நனையிறா. அவ தலையில இருக்குற பாதி நனைஞ்சா என்னோட பாதி ஒழுகுது.”

டக்ளஸ் இருபது வருஷப் பட்டறை அனுபவத்தில் இதைவிட மோசமான காரணங்களைக் கேட்டிருந்தார். “அப்ப கம்பளிதான் கோளாறு. கழட்டிக் கொளுத்திருங்க” என்றார். வீரம்மா அவரைப் பார்த்த பார்வையில் டக்ளஸ் ஸ்பேனர்களைத் தானாகவே பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அவ அங்க மழையில நிக்கிறா. அவ தலையில இருக்குறத நான் இங்க கொளுத்தவா?” என்று கேட்டாள். முத்துவேலுக்கு லைனும் வேண்டும், வீரம்மாவும் வேண்டும். கடைசியில் கம்பளியைக் கழற்றி வீட்டில் அடுப்புக்கு மேலிருந்த கொடியில் போட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு அடுப்பின் மேல் மழை பெய்து சோறு கஞ்சியாயிற்று.

அதே நாள் பகலில் தேவாலா மழையும் பிடித்துக்கொண்டது. கம்பளிக் கூரை இல்லாத ஜீப் ஃபேக்டரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், ஏற்றத்தில், மூன்றரை மணிக்கு நின்றது. கொழுந்தோடு வந்த பதினோரு பெண்களும் இறங்கித் தள்ளினார்கள். வீரம்மா எல்லோருக்கும் முன்னால் நின்று, ஜீப்பின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு தள்ளினாள். கேட்டின் ஒரு கதவை அடைத்துவிட்டு மறு கதவில் கை வைத்திருந்த பிரசாத், சேறு பூசிய பதினோரு முகங்களைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “என் வாட்ச் ரெண்டு நிமிசம் ஃபாஸ்ட்டுங்க. நாளைக்குச் சரி பண்ணிருவேனுங்க, பார்த்துக்கோங்க” என்றான். வண்டியைச் சரிசெய்ய மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள் என்று முத்துவேலுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் வீரம்மா சேற்றுக் கையைக் கழுவும்போது கொட்டகை ஆணியில் தொங்கிய ரப்பர் கையுறையைப் பார்த்தாள். எஸ்டேட்டில் களைக்கு மருந்தடிக்கக் கொடுத்தது. வலது கை என்றோ கிழிந்துபோய், இடது கை மட்டும் வேலையில்லாமல் இருந்தது. அதை டக்ளஸிடம் கொண்டுபோய், “என் கை நனையாம பத்து வருசம் காப்பாத்துச்சு, உங்க மூடிய காப்பாத்தாதா?” என்று கேட்டாள். டக்ளஸ் எண்ணினார். பிளக்குக்குப் போகிற வயர் நாலு, காயிலிலிருந்து வருகிற வயர் ஒன்று. விரல் ஐந்து. விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு வயரை இழுத்து, கையுறையை மூடியின் மேல் மாட்டி, மணிக்கட்டை ரப்பர் வளையத்தால் இறுக்கினார். தனக்கு இது தோன்றவில்லையே என்று இரண்டு நாள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் புலம்பினார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மழை தலையில் கொட்டியது. ஜீப் மூன்று மணிக்கே கேட்டில் நின்றது. முத்துவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை, அவர் பிறகு தாமாகவே சொன்னதுதான். லைன் நிற்கவில்லை. அந்த வருஷமும் அதற்கடுத்த மூன்று மோசமான வருஷங்களும் அந்த முப்பது தோட்டத்துக் கொழுந்து ஒரு நாளும் பள்ளத்துக்குப் போகவில்லை.

எஞ்சினுக்கு இனிக் கம்பளி தேவையில்லை. ஆனால் வீரம்மா சோற்றுப் பானையைச் சாக்காகச் சொல்லி அதை மறுபடி பானெட்டுக்குள்ளேயே கட்டினாள். உண்மையான காரணத்தை முத்துவேலிடம் மட்டும் சொன்னாள்: இந்தப் பாதி எஞ்சின் சூட்டில் காய்ந்தால் அந்தப் பாதியும் கொஞ்சம் காயுமோ என்னவோ. முத்துவேல் கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்தார். உள்ளே மழை பெய்தது, கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நனைந்தது, வண்டி ஓடியது. டக்ளஸ் ஒரு புனல் வைத்துக் கொடுத்ததால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் மிச்சம். பிரசாத் மட்டும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் இரண்டு கிலோ தண்ணீர்க் கழிவு பிடித்தான்.

நவம்பரில் மூக்கம்மாவின் கடிதம் வந்தது. வீரம்மா இதைப் பற்றி அவளுக்கு ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் சுகம், சம்பளம் கூட்டித் தரவில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டது என்று எழுதிவிட்டுக் கடைசியில் அவள் கேட்டிருந்தாள்: “ரெண்டு மூணு மாசமா கம்பளி அடுப்புல வச்ச மாதிரி சூடா இருக்கு. மழைக்குள்ள நின்னாலும் குளிர் தெரியல. ஆனா பெட்ரோல் வாடை தாங்க ஏலாது. கங்காணி என் பக்கத்துல பீடி பத்த வைக்கவே பயப்படுறாரு. அங்க என்னதான் செய்றீங்க?”

வீரம்மா கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் பெட்ரோல் போட நிறுத்தியபோது, அவள் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துப் பங்க் ஆளிடம் சொன்னாள்: “சிந்தாம ஊத்துங்க தம்பி. அக்கா மேல படும்.”

அவர் சரி என்று சொல்லிவிட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.