மன்னிப்புக்கு ஒரு ரிபன்

ஜிஸ்லேனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரே ஒரு பின்னேரம்தான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவளுடைய பிரியாவிடை. அதோடு அவள் பென்சனில் போய்விடுவாள். நான் அதே பள்ளிக்கூட கன்ரீனில் கரட் சீவிக்கொண்டிருப்பேன். மூன்று மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. செய்ய வேண்டிய வேலையைத் துண்டில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போவாள். பதினொரு வருடம் ஒரே அடுப்படியில் நின்றவர்கள் நாங்கள்.

பிழை என்னுடையதுதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நான் அவித்த பருப்பில் மிளகு கூடிவிட்டது என்று அவள் எல்லோர் முன்னாலும் பானையோடு கொட்டினாள். அந்த நேரம் என் வாயில் வந்தது எங்கள் ஆட்கள் சண்டையில் வழக்கமாகச் சொல்வதுதான்: “இனி உன்ர செத்தவீட்டுக்கும் வரமாட்டன்.” அதை அப்படியே பிரெஞ்சில் போட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் ஒரு பேச்சா? என் சின்னம்மா இதை அம்மாவுக்கு நாலு தரம் சொன்னவர். அம்மா செத்த அன்றைக்கு முதல் ஆளாக வந்து, எங்களைவிடப் பெரிதாகக் குளறியவரும் அவர்தான். ஆனால் ஜிஸ்லேன் அதை உண்மையென்று எடுத்துவிட்டாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்த ஒரு அண்ணனும் போன வருடம் போய்விட்டார். தனக்கு ஒன்றென்றால் யார் வருவார்கள் என்று அவள் தனியே பயந்துகொண்டிருந்த இடத்தில் நான் போய் மிதித்திருக்கிறேன். இது விளங்கிய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாயால் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கப் போனேன், நாலைந்து தரம். அவள் முகத்தைக் கண்டதும் என் பிரெஞ்சு ஓடி ஒளித்துவிடும்.

அதனால்தான் ஒரு நீலக் கம்பளிச் சால்வை வாங்கினேன், அட்டைப்பெட்டியோடு. வியாழக்கிழமை வேலை முடிந்து போகும்போது, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பூக்கடைக் கண்ணாடியில் அந்த ரிபனைக் கண்டேன். ஊதா நிறம், நாலு விரல் அகலம், கூறைச்சேலைக் கரை மாதிரித் தங்க எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ‘ரெக்ரே’. வருந்துகிறேன் என்பதற்கான சொல் அது. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. மன்னிப்புக் கேட்கக்கூட ரிபன் அடித்து விற்கிறார்களே, நாகரிகமான சனம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கேட்டேன். பூக்காரி குரலைத் தாழ்த்தி, என் கையைப் பிடித்து, “கூராஜ், மதாம்” என்றாள். தைரியமாக இருங்கள் என்று. மன்னிப்புக் கேட்கத் தைரியம் வேண்டும்தானே? எவ்வளவு விளக்கமான பெண் என்று மனம் குளிர்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்குப் பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எங்கள் தமிழ்க் கடைத்தெருவான ரூ பெர்தொனேக்கு ஓடினேன். அங்கே யசோதினியின் கடை. கல்யாணத் தட்டம், சீர்வரிசைப் பெட்டி எல்லாம் ரிபன் கட்டிச் சோடிப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை.

“கலாக்கா, நாளைக்கு ஒரு பெரியபிள்ளையான பெட்டையின்ர சாமத்தியவீடு. இருபத்தொரு தட்டம் கிடக்கு. பிறகு வாங்கோவன்.”

“பிறகு எண்டா அவள் போயிடுவாள். கட்டித் தாவனடி, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

யசோதினி ரிபனை விரித்துப் பார்த்தாள். “ஐயோ, என்ன வடிவு! இதில என்ன எழுதிக் கிடக்கு?”

“சொறி, மன்னிச்சுக்கொள் எண்டு எழுதியிருக்கு.”

“அச்சடிச்சே விக்கிறாங்களோ! இஞ்சை இருபது வருசம் இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவளுக்கு எப்படித் தெரியும்? இருபது வருடமும் அந்த ஒரு தெருவுக்குள் தமிழிலேயே வியாபாரம் செய்தவள். நானாவது வெளியே வேலை செய்கிறவள், கேட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கு எதிலும் அவசரம்.

ரிபனில் முடிந்த முதல் பூ ஒரு பக்கம் சரிந்தது. அவிழ் என்றேன். இரண்டாவது பூ எழுத்தை மறைத்தது. அதையும் அவிழ் என்றேன். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும், இருப்பதும், எழும்புவதுமாக இருந்தேன்.

“அக்கா, ஒரு இடத்தில நில்லுங்கோ! நீங்கள் ஆட எனக்கும் கை ஆடுது. இனி அவிழ்த்தா ரிபன் நைஞ்சு போகும்.”

மூன்றாவது தரம் பூ மூலையில் உட்கார்ந்தது. மூடியின் நடுவே ‘ரெக்ரே’ ஒரு எழுத்துக்கூட மறையாமல் பளபளத்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் இருக்கிற ரூ பஜோல் பக்கம் ஓடினேன். சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை. ஒரு டாக்சிக்காரன் ஏசினான், நானும் திருப்பி ஏசினேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் கேக் வைத்திருந்தார்கள். பரிசுகளை ஜிஸ்லேன் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் பெட்டியைக் கடைசியாக வைத்தேன். அவள் கை அதற்கு வந்தது, அப்படியே நின்றது. அதிபர் கிளாசை மேசையில் வைத்தார்.

பள்ளிக்கூட ஒபிசில் வேலை செய்யும் ரோசாலி, பாண்டிச்சேரிக்காரி, என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “ஐயோ கலா, என்னா பண்ணி வச்சிருக்க? இது சாவுக்கு மலர்வளையத்துல கட்டற ரிப்பன்!”

செத்தவீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னவள், இப்போது அவளுக்குச் செத்தவீட்டையே கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

“கலா,” என்றாள் ஜிஸ்லேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் என் பெயர். “நான் பென்சனில்தான் போகிறேன். இன்னும் சாகவில்லை.”

“அதில்லை! ரெக்ரே, நான்! என் வாய், கெட்ட வாய். அன்றைக்குச் சொன்னது, எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது, சொல்லிவிட்டு வருவோம், எல்லோரும் வருவோம்...” இலக்கணம் இல்லாத பிரெஞ்சு என் வாயிலிருந்து கொட்டியது. கண்ணீரும் கொட்டியது.

அவள் தங்க எழுத்துகளை விரலால் தடவினாள். வாய் ஓரம் கோணியது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அப்படியென்றால் வருவாய். என் செத்தவீட்டுக்கு நீ வருவாய்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு ‘வுயி’ சொன்னால் போதும். ஆனால் உயிரோடு எதிரே நிற்கிறவளைப் பார்த்து, உன் செத்தவீட்டுக்கு வருகிறேன் என்று எந்த நாக்கால் சொல்வது? அது நாள் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? அவள் முகத்தில் சிரிப்புக் குறையத் தொடங்கியது.

“இல்லை,” என்றேன். “நீதான் என்னுடையதுக்கு வர வேண்டும்.”

“நான் உன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், கலா.”

“தெரியும். அதுவரைக்கும் இரு.”

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “எங்கே வர வேண்டும்?”

“கார்ஜுக்கு. என் வீடு அங்கேதான். கார் து நோர் ஸ்ரேசனில் ‘டே’ லைன் ரயில் எடு, பதினைந்து நிமிடம்.”

“ஞாயிற்றுக்கிழமையும் அந்த ரயில் ஓடுமா?”

“ஓம், ஓம்,” என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதே மறந்துபோயிருந்தது.